பெரித் என்றொரு சொல்

ஹில்மாருக்கு மூளையில் ரத்தம் கட்டி வாய் போனபோது, போகாமல் மிஞ்சியது ஒரே ஒரு சொல்தான். அதுவும் ஒரு பெண்பிள்ளையின் பேர். பெரித். அவன் பெண்டாட்டியின் பேரோ இங்கெபோர்க்.

மிஞ்சுவதுதான் மிஞ்சியது, தண்ணி என்றோ படகு என்றோ மிஞ்சியிருக்கக் கூடாதா என்று தீவில் எல்லாரும் சொன்னார்கள். இரக்கத்தோடுதான் சொன்னார்கள். சொல்லிவிட்டு, கடையில் மாவுப் பைகள் அடுக்கியிருந்த பக்கமாகத் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். ஹெல்கெலாந்துக் கரையில் பாதி வருஷம் காற்றும் மழையும் முகத்தில் அறைந்துகொண்டிருக்கும். சிரிக்கக் கிடைத்ததை அங்கே யாரும் கைநழுவ விடுவதில்லை.

வாய் போனவன் சும்மா ஒரு ஆளாக இருந்திருந்தால் இவ்வளவு பேச்சு இல்லை. தீவுகளுக்கும் சாந்நெஸ்ஷோன் பட்டணத்துக்கும் நடுவே ஓடுகிற விரைவுப் படகுக்கு ஹில்மார்தான் வெகுகாலம் கேப்டன். ஒரு துறையில் ஏற்றிய சேதியை அடுத்த துறையில் இறக்கிவிடுவான். யார் வீட்டில் பசு கன்று போட்டது, யார் பிள்ளை பெர்கனில் படிப்பை விட்டான், எந்த விதவை வீட்டுப் புகைக்கூண்டை எவன் சும்மா வந்து சரிசெய்து தருகிறான், எல்லாம் அவன் வாய்வழியாகத்தான் கரை நெடுக நடமாடும். இங்கெபோர்க் பேசாதவள். அவள் பேச வேண்டிய தேவையே அந்த வீட்டில் இருந்ததில்லை.

பெரித் என்பவள் ஆகாயத்திலிருந்து குதித்தவளும் அல்ல. தீவின் வடக்கு முனையில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முந்தி இரண்டு கோடைகள் ஹில்மார் அவளோடுதான் நடனத்துக்குப் போனான். பிறகு அவள் திரோந்தெய்முக்குப் போய் டிராம் ஓட்டுகிற வேலையில் சேர்ந்தாள். அங்கேயே இருந்துவிட்டாள். இதெல்லாம் இங்கெபோர்க்குக்குத் தெரியாத சங்கதி இல்லை. தெரிந்த சங்கதியாக ஒரு மூலையில் கிடந்தது, அவ்வளவுதான். இப்போது அது காலையில் எழுந்து காப்பி கேட்டது. காற்று திசை மாறினால் சன்னலைக் காட்டி "பெரித்" என்றது. பக்கத்து வீட்டு ஆட்டுக்கிடா வேலி தாண்டினால் "பெரித், பெரித்" என்று கத்தியது.

வாத்தியாரம்மா ஒருத்தி இருந்தாள், தீரில் என்று பேர். பேச்சு போனவர்களுக்குப் பேச்சு பழக்குகிறவள். திரோந்தெய்ம் பல்கலைக்கழகத்தில் வேலை. தீவிலிருந்து அவ்வளவு தூரம் போய்வர முடியாது என்பதால், செவ்வாயும் வியாழனும் காலையில் திரை வழியாகப் பாடம். சமையலறை மேசையில் மாவு டப்பாவில் சாய்த்து வைத்த கைப்பலகையில் தீரிலின் முகம் வரும். அவள் படம் காட்டுவாள். இவன் சொல்ல முயல்வான். அந்த நேரம் இங்கெபோர்க் மீன் ஆலையில் நிற்பாள். ஆகையால் பாடம் நடந்ததை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

"அது அவருக்கு ஒட்டிக்கிட்ட சொல்லுங்க," என்று தீரில் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். "சிலருக்கு ஒரு வசவு மட்டும் தங்கிடும். சிலருக்குக் கர்த்தருடைய ஜெபத்துல ஒரு வரி. எது தங்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. மனசுல இருக்கறதுதான் வாயில வருதுன்னு நினைச்சுக்காதீங்க."

நினைக்காமல் இருக்க இங்கெபோர்க்கும் பாடுபட்டாள். ஆனாலும் இரண்டாம் குளிர்காலத்தில், ஜனவரியில் ஒருநாள் பொறுமை அறுந்துபோயிற்று. ஆலையில் அன்று மீன் குவிந்துவிட்டது. கை மரத்து, விரல் மடங்காமல் வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்தாள். அது பொங்கி வழிந்தது. உள்ளறையிலிருந்து அவன் கூப்பிட்டான், "பெரித்." மறுபடியும், "பெரித்." அவள் பாத்திரத்தைத் தொட்டியில் போட்ட சத்தத்தில் பூனை எழுந்து ஓடியது.

"நான் பெரித் இல்ல. கேட்டுக்கோ. உன் துணி துவைக்கிறவ பெரித் இல்ல. உனக்குச் சட்டைப் பொத்தான் போட்டு விடுறவ பெரித் இல்ல. அவளைக் கூப்பிடணும்னா அவ ஊருக்குப் போய்க் கூப்பிடு. இந்த வீட்டுல என்னை இனிமே அப்படிக் கூப்பிடாத."

அவனுக்குப் பேச்சுத்தான் வராதே தவிர, காதில் விழுவதெல்லாம் விளங்கும். விளங்கியது. அன்று முதல் அவன் அவளைக் கூப்பிடவே இல்லை. காப்பி வேண்டுமானால் கோப்பையைக் காட்டினான். பொத்தான் போட வேண்டுமானால் சட்டையோடு வந்து முன்னால் நின்றான். முதல் வாரம் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அப்புறம் பனி கொட்டி, கடல் சாம்பலாகி, பகல் என்று பேருக்கு ஒரு வெளிச்சம் வந்துபோகிற அந்த மாசத்தில் வீடு கிணறுமாதிரி ஆகிவிட்டது. உள்ளறையில் நாற்காலி கிறீச்சிட்டால் அவள் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டுவாள். கூப்பிடப்போகிறான் என்று நிற்பாள். நாற்காலி மட்டும் இன்னொரு தடவை கிறீச்சிடும்.

தப்பான பேரானாலும் அது தன்னை நோக்கி வந்த பேராக இருந்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆனால் விலக்கினதைத் திரும்ப எப்படிக் கேட்பது? பேசாதவளுக்கு அதற்கான வார்த்தை எங்கே இருக்கிறது?

ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம், இரண்டு பேரும் வீட்டில் இருக்கையில், தீரில் திரையில் வந்து ஒரு சேதி சொன்னாள். பல்கலைக்கழகத்தில் ஒரு மாநாடு. தொழில்நுட்பத்தைக் கொண்டு கற்பதும் கற்பிப்பதும் பற்றி. நாடெங்குமிருந்து வாத்தியார்கள் வருகிறார்கள். அதில் அவள் இந்தத் திரைப்பாடத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஹில்மார் சம்மதித்தால் பாடத்தின்போது பதிவான சில காட்சிகளை அங்கே காட்டலாம். அவனும் இங்கெபோர்க்கும் வந்து உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

"அவர் பேச வேணாம். மேடையில என் பக்கத்துல உக்காந்தா போதும்," என்றாள்.

ஹில்மார் கைப்பலகையைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு வெளியே போய்விட்டான்.

மறுநாள் ஆலையில் யோர்தீஸ் பிடித்துக்கொண்டாள். வரிசையில் இங்கெபோர்க்குக்கு அடுத்து நிற்பவள், பெரித்துக்குப் பெரியம்மா மகள். எந்திரம் வயிற்றைக் கிழித்து அனுப்பும் சால்மன் மீனில் ஒட்டிக்கொண்டு வரும் ரத்தத்தையும் குடல் துணுக்கையும் உறிஞ்சு குழாயால் எடுக்க வேண்டும். நாள் முழுக்கக் குளிர்ந்த தண்ணீர், ரப்பர் அங்கி, காதடைப்பான். காதடைப்பான் போட்டிருந்தாலும் யோர்தீஸ் பேசுவது கேட்கும். அப்பேர்ப்பட்ட தொண்டை.

"போறியா இல்லியா?"

"அவன் வரமாட்டேங்கிறான்."

"திரோந்தெய்ம்னு சொன்னியா?"

"சொன்னா?"

"இல்ல, சும்மா கேட்டேன். அங்க டிராம் எல்லாம் ஓடுதுல்ல, அதான்." சொல்லிவிட்டு யோர்தீஸே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கோவிச்சுக்காத. என் வாய்க்கு ஒரு பூட்டு போடணும்."

இங்கெபோர்க் இரண்டு மீனைக் குழாயால் உறிஞ்சி அனுப்பினாள். பிறகு கேட்டாள், "அவ நம்பர் உங்கிட்ட இருக்கா?"

"யாரு நம்பர்?"

"உன் சித்தி மக நம்பர்."

யோர்தீஸின் கை நின்றுவிட்டது. சுத்தம் பண்ணாத மீன் ஒன்று அவளைக் கடந்து போனது. வரிசைக் கடைசியில் நின்ற லித்துவேனியாக்காரன் சீட்டியடித்துச் சத்தம் போட்டான்.

"எதுக்குடி?"

"அவனுக்கு அவளைப் பாக்கணும்னு இருந்தா பாத்துக்கட்டும். ரெண்டு வருஷமா அவ பேரைத்தான் சொல்றான். ஒரு தடவை வந்து ஏன்னு கேக்கட்டும்."

"அந்தப் பிள்ளை, வாத்தியாரம்மா, அது வெறும் சொல்லுன்னு சொன்னாள்ல?"

"சொன்னா. நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கிறேன். ஆனா படுத்தா தூக்கம் வரல யோர்தீஸ்."

இடைவேளையில் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைத் தின்னாமலே, ஆலையின் பின்புறம் பனிக்கட்டிப் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் நின்று போன் போட்டாள். எதிர்முனையில் நாய் குரைத்தது. அதைத் தாண்டி ஒரு கனத்த குரல்.

"ஹில்மாரா? எந்த ஹில்மார்?"

"தீவுல. படகு ஓட்டுனவன்."

"அட, அவனா. ஆமா, வாய் போயிடுச்சுன்னு யோர்தீஸ் சொன்னா. பாவம், அவனுக்குப் போய் வாய் போகணுமா. நீ யாரு?"

"நான் அவன் வீட்டுக்காரி." இங்கெபோர்க் போனை மறு காதுக்கு மாற்றினாள். "அவன் உன் பேரைத்தான் சொல்றான். வேற ஒண்ணும் வராது. உன் பேர் மட்டும் வரும்."

அவள் நாயை அதட்டி அடக்குவது கேட்டது. "எங்க வரணும்னு சொல்லு," என்றாள் பெரித்.

ஹில்மாரை எப்படிச் சம்மதிக்க வைத்தாள் என்றால், வைக்கவில்லை. இரண்டு பேருக்கும் பை கட்டி வாசலில் வைத்தாள். "நான் போறேன். அந்தப் பிள்ளை உனக்காக எவ்வளவோ செஞ்சிருக்கு. நீ வராட்டி நான் தனியாப் போய் உக்காந்துட்டு வாரேன்," என்றாள். அவளுக்கு அது நீண்ட பேச்சு. அவன் பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கம்பளித் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

மே மாசம். கரையெல்லாம் பச்சை வந்துவிட்டது, மலைத்தலையில் மட்டும் பனி. கடல்வாத்துகள் பாறை இடுக்கில் அடைகாத்துக்கொண்டிருந்தன. தன் பழைய படகில் ஹில்மார் கடைசி வரிசையில் போய், தொப்பியைக் கண்ணுவரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தான். இப்போதைய கேப்டன் ரோல்ப் மேலே வந்து பார்க்கச் சொல்லிக் கை காட்டினான். ஹில்மார் தூங்குகிறமாதிரி இருந்துவிட்டான். முன்னெல்லாம் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் ஒரு சொல் வாங்கி ஒரு சொல் கொடுத்தவன். இங்கெபோர்க் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு பஸ், பிறகு முஷோனில் ரயில். மாயவத்ன் பக்கம் ஏரி இன்னும் உறைந்து கிடந்தது. மான் கூட்டம் ஒன்று தண்டவாளத்தை விட்டு இறங்க மனமில்லாமல் நடந்தது. ரயில் ஊர்ந்து போயிற்று. வீட்டில் சுட்டு, வெண்ணெயும் சர்க்கரையும் தடவி மடித்த லெப்ஸெ ரொட்டியை அவள் எடுத்துக் கொடுத்தாள். அவன் பாதியைத் தின்றுவிட்டு மீதியை அவளிடமே நீட்டினான். பேச்சில்லாமல் இரண்டு பேர் அவ்வளவு நேரம் எதிரெதிரே உட்கார்ந்து வந்ததில், எதிர் இருக்கைக் கிழவர் அவர்களுக்குள் சண்டை என்று நினைத்துக்கொண்டு வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

மாநாட்டு மண்டபம் கண்ணாடியும் மரமுமாக இருந்தது. வாசலில் ஒரு பெண் ஆளுக்கொரு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டாள். ஹில்மார் அவளுக்கு "பெரித்" என்று நன்றி சொன்னான். ஹில்மாரின் அட்டையில் பேருக்குக் கீழே 'பயனர்' என்று போட்டிருந்தது. அவளுடைய அட்டையில் 'உறவினர்'. முதலில் ஆஸ்லோவிலிருந்து வந்த ஒருவர் பேசினார். மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் குரலை ஏணிமேல் ஏற்றுவதுபோல் ஏற்றினார். பிள்ளைகள் திரை பார்த்தால் கெட்டுப்போகிறார்களா, திரை பார்க்காவிட்டால் பின்தங்கிப் போகிறார்களா என்பது அவர் பேச்சின் சாரம். இரண்டும்தான் என்று முடித்தார். அடுத்தவர் பேச எழுந்தபோது பெரிய திரை நீலமாகி நின்றுவிட்டது. நாலு பேராசிரியர்கள் ஒரு கம்பியைச் சுற்றிக் குனிந்துகொண்டார்கள். எந்திரத்தை அணைத்துப் போட்டார்கள், மறுபடி அணைத்துப் போட்டார்கள். அந்த மனுஷர் தொண்டையைச் செருமிக்கொண்டே "இதோ, இதோ வந்துடும்," என்று நின்றார். ஹில்மார் தோள் குலுங்கச் சிரித்ததை இங்கெபோர்க் பார்த்தாள். அவன் சிரித்து எத்தனை காலமாயிற்று.

தீரிலின் முறை வந்தது. திரையில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தாள். அவள் கூப்பிட, ஹில்மார் வலது காலை லேசாக இழுத்துக்கொண்டு மேடை ஏறி அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். நல்ல கம்பளிச் சட்டை. காலையில் இங்கெபோர்க்தான் பொத்தான் போட்டுவிட்டாள்.

"இவர் ஹில்மார். கேப்டன்," என்றாள் தீரில். பிறகு அவனிடம் திரும்பி, எப்போதும் பாடத்தில் கேட்கிறமாதிரி, "இன்னைக்கு உங்ககூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டாள்.

ஹில்மார் முதல் வரிசையில் இருந்த இங்கெபோர்க்கைப் பார்த்தான். வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். உதடு வெளுக்கும்படி அழுத்தி மூடிக்கொண்டான். மண்டபத்தில் யார் யாரோ இருமினார்கள். அவன் இடது கையைத் தூக்கி, முன்னால் இருந்த மேசையில் ஒரு விரலால் தட்டினான். டக், டக், டக். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தான்.

இங்கெபோர்க்குக்கு முகம் சுட்டது. சொல்லவேண்டாம் என்று தான் போட்ட தடையை, முன்பின் தெரியாத இத்தனை பேர் நடுவிலும் அவன் காப்பாற்றுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அந்தத் தட்டு எதற்கு என்று தெரியவில்லை.

"பரவாயில்ல," என்றாள் தீரில். "இதையேதான் உங்களுக்குக் காட்டப்போறேன்."

பெரிய திரையில் அவர்கள் வீட்டுச் சமையலறை வந்தது. தன் அடுப்பும், தன் திரைச்சீலையும், கழுவாமல் வைத்துவிட்டுப் போன தன் காப்பிக் கோப்பையும் ஒரு வீட்டுச் சுவர் உயரத்துக்கு நிற்பதை இங்கெபோர்க் பார்த்தாள். நடுவில் ஹில்மாரின் முகம். தீரிலின் குரல் கேட்டது: "இது என்ன?" படகுப் படம். "பெரித்," என்றான் ஹில்மார். "இது?" பூனை. "பெரித்." எல்லாம் ஒரே மாதிரி, சப்பென்று, கதவை மூடுவதுபோல. "இது?" இங்கெபோர்க்கின் போட்டோ. போன கோடையில் யாரோ எடுத்தது. காற்றில் மயிர் முகத்தில் விழுந்திருக்கும்.

திரையில் ஹில்மார் நிமிர்ந்து உட்கார்ந்தான். விரலால் மேசையில் மூன்று தட்டு தட்டினான். வாயைக் குவித்து, பிரித்து, மறுபடி குவித்துத் தவித்தான். பிறகு சொன்னான்: "பெ... ரி... யித்." முதலில் கொஞ்சம் தூக்கி, நடுவில் தாங்கி, கடைசியில் மெல்ல இறக்கினான். தலையை ஆட்டினான். இது இல்லை, இது இல்லை என்கிறமாதிரி. மறுபடியும் மூன்று தட்டு. "பெ... ரி... யித்."

காட்சி மாறியது. வேறு சட்டை, சன்னலில் வேறு வெளிச்சம். அதே போட்டோ, அதே மூன்று தட்டு. மறுபடி மாறியது. பனிக்காலம். அடுத்து, சவரம் பண்ணாத முகம். ஒவ்வொன்றிலும் அவன் வேர்க்க வேர்க்க அந்தப் பேரோடு மல்லுக்கட்டினான்.

"பாடம் முடியறப்போ இந்தப் படம் வேணும்னு அவரே கேப்பார்," என்று தீரில் மண்டபத்துக்குச் சொன்னாள். "படகு, பூனை எதுக்கும் தட்டமாட்டார். இதுக்கு மட்டும்தான். அவங்க பேர் இங்கெபோர்க். மூணு அசை. எண்ணிக்கை அவருக்குச் சரியா வருது. எங்க தூக்கணும், எங்க இறக்கணும்னு அந்த ராகமும் சரியா இருக்கு. எழுத்து மட்டும்தான் வரல. ராகத்தைப் பிடிச்சுக்கிட்டு எழுத்துக்கு வழி தேடலாம்ங்கிறதுதான் என் யோசனை. வரும்னு உறுதியாச் சொல்லமாட்டேன்."

மண்டபத்தில் கைதட்டினார்கள். இங்கெபோர்க் கைதட்டவில்லை. 'உறவினர்' என்று எழுதிய அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மதியச் சாப்பாட்டு நேரம். மீன் சூப்பும் கறுப்பு ரொட்டியும் வைத்திருந்தார்கள். அந்தச் சந்தடியில் பெரித் வந்தாள். பருத்த உடம்பு, மழைச்சட்டை, அதில் நாய் மயிர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தவள், இங்கெபோர்க் எழுந்து நின்றதைக் கண்டு நேரே வந்தாள்.

"நீதான் இங்கெபோர்க்கா. உன் குரலைக் கேட்டு நெட்டையா இருப்பேன்னு நினைச்சேன்."

ஹில்மார் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தான். இங்கெபோர்க் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவன் பெரித்தின் முகத்தைப் பார்த்தான். அடையாளம் தெரிந்தது, கண்ணில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. மரியாதையாக இடது கையை நீட்டினான்.

"பெரித்," என்றான்.

அட்டை மாட்டிவிட்ட பெண்ணுக்குச் சொன்னமாதிரி. படகுக்கும் பூனைக்கும் சொன்னமாதிரி. சப்பென்று, இரண்டு துண்டாக.

"பாத்தியா, கரெக்டாச் சொல்லிட்டான்," என்று பெரித் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். "என்னை ஞாபகம் வச்சிருக்கியாடா. நான் உன்னை ரொம்ப நாளா நினைக்கக்கூட இல்லடா. பொய் சொல்வானேன்."

ஹில்மார் தலையை ஆட்டினான். சூப்பைக் காட்டி, "பெரித்," என்றான். சாப்பிடச் சொல்கிறான் என்று இங்கெபோர்க்குக்குத் தெரிந்தது. பெரித்துக்கு அது தன் பேராகவே கேட்டது.

இங்கெபோர்க் அவளை வாசல்வரை கொண்டுவிடப் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது.

"அவன் என்னை நினைச்சுச் சொல்லலதானே?" என்று கேட்டாள் பெரித்.

"இல்லன்னுதான் தோணுது."

"நல்லதாப் போச்சு." பெரித் மழைச்சட்டையின் பொத்தானைப் போட்டாள், போட்டதைக் கழற்றி மறுபடியும் போட்டாள். "நீ போன் பண்ணுன நாள்லருந்து, நான்கூட ஒரு மாதிரியாத்தான் இருந்தேன். ஒருத்தன் ரெண்டு வருஷமா நம்ம பேரைச் சொல்லிக்கிட்டிருக்கான்னா... இந்த வயசுல யார் யாரைக் கூப்பிடுறா? நாய்க்குப் பேர் வச்சு நான்தான் கூப்பிடுறேன். சரி விடு. போய் அவனைப் பாரு."

அவள் டிராம் நிற்கிற பக்கமாக நடந்து போனாள். இங்கெபோர்க் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷமாக வயிறெரிந்து நினைத்த ஒரு பெண், மழையில் தலையைக் குனிந்துகொண்டு தனியாகப் போகிறாள். கூப்பிட்டு ஒரு வாய் காப்பியாவது குடித்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

திரும்பும் ரயிலில் அவள் பேச வேண்டும் என்று பல தடவை வாயெடுத்தாள். ஸ்தெய்ங்கியேர் தாண்டியது, காடு வந்தது, உறைந்த ஏரி வந்தது. கடைசியில் படகில்தான் அது வந்தது. மழை விட்டு, மேற்கே கடல்மேல் வெயில் சாய்ந்து கிடந்தது. கடைசி வரிசையில் அவர்கள் இரண்டு பேர்தான்.

"ஹில்மார். அன்னைக்கு நான் சொன்னது... கூப்பிடாதன்னு." அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எப்படி வருதோ அப்படிக் கூப்பிடு. வீடு ரொம்ப அமைதியா இருக்கு. என்னால முடியல."

அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அத்தோடு விட்டுவிட்டாள். பையில் மிச்சமிருந்த ரொட்டியைத் தேடிக் குனிந்தாள்.

"பெ... ரி... யித்."

நிமிர்ந்தாள். அவன் இருக்கையை விட்டு எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு எதிரே நின்றான். தொப்பியைக் கழற்றியிருந்தான். ஒன்றை அவளுக்குக் காட்டவேண்டும் என்கிற முகம். குறுக்கே இரண்டு எட்டு நடந்தான். "பெரித் பெரித் பெரித், பெரித் பெரி-த்?" என்றான். குரல் கடைசியில் ஏணிமேல் ஏறியது.

ஆஸ்லோக்காரர். இங்கெபோர்க்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் உடனே குனிந்து, இல்லாத கம்பி ஒன்றை நாலு பேராக நின்று பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெரித், பெரித்," என்று சமாதானம் சொன்னான். இதோ வந்துடும், இதோ வந்துடும். அடுத்து, இல்லாத கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். கனத்த குரலில் ஏதோ சொன்னான், சொல்லிவிட்டுச் சிரித்தான், சிரித்துவிட்டு மூக்கை உறிஞ்சினான். அந்தச் சிரிப்புக்கு அடியில் இருந்த அழுகையையும் அவன் விடவில்லை. இங்கெபோர்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கடுத்து, பாத்திரம் ஒன்றைத் தொட்டியில் எறிகிறமாதிரி கையை வீசினான். இடுப்பில் கை வைத்து, மூச்சு விடாமல், பெரித் பெரித் பெரித் பெரித் என்று பொரிந்து தள்ளினான். பூனை ஓடியதைக்கூட விரலால் ஓட்டிக் காட்டினான்.

"அது நானா?" என்றாள் அவள். "நான் அவ்வளவு கேவலமாவா கத்தினேன்?"

ஆமாம் என்று தலையாட்டினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அவனும் சிரித்தான். முன்னால் இருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு அவன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வேறு ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தான். இதில் நடிப்பு இல்லை, கை அசைவு இல்லை. தணிந்த குரலில், நிதானமாக, நெடுநேரமாகப் போகிற ஒன்று. எங்கோ நிற்கும், யோசிக்கும், மறுபடி தொடங்கும். ஒரு இடத்தில் கேள்விபோல் இருந்தது, ஒரு இடத்தில் பயம்போல் இருந்தது. பெரித், பெரித் என்று அந்த ஒரே சொல் ஓடிக்கொண்டே இருக்க, ராகம் மட்டும் மாறி மாறி வந்தது. அது யாருடைய குரல் என்று இங்கெபோர்க் தேடிப் பார்த்தாள். தீரில் இல்லை. ரோல்ப் இல்லை. ஆஸ்பத்திரி டாக்டரும் இல்லை. அவன் முகத்தைப் பார்த்தபோது அது அவனுடைய குரலேதான் என்று பட்டது. வாய் போன அன்றிலிருந்து அவன் சொல்லாமல் வைத்திருந்த ஏதோ ஒன்று.

"எனக்குப் பிடிபடல ஹில்மார்," என்றாள். "மொதல்லருந்து சொல்லு."

அவன் சலித்துக்கொள்ளவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டு, காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவையும் பாதிதான் பிடிபட்டது, பாதிகூட இல்லை. ஒரு இடத்தில் மூன்று தட்டு வந்தது. அது மட்டும் தெரிந்தது.

படகு வேகம் குறைந்து துறையை அணைந்தது. கயிறு விழுந்தது. பெட்டிகளும் ஆட்களும் இறங்கினார்கள். கரையில் யோர்தீஸ் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். எல்லாரும் இறங்கிய பிறகும் கடைசி வரிசையில் இரண்டு பேர் அப்படியே இருப்பதைக் கண்டு ரோல்ப் கீழே இறங்கி வந்தான். நேரமாகிவிட்டது, அடுத்த தீவுக்குப் போகவேண்டும்.

"ஊர் வந்துடுச்சு, இங்கெபோர்க்," என்றான்.

அவள் திரும்பாமலே கையைக் காட்டினாள்.

"கொஞ்சம் பொறு ரோல்ப். இவன் இன்னும் சொல்லி முடிக்கல."